ருத்ரனின் தோள்

அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தெறியும் குவார்ட்டர்பேக் ருத்ரன். அவனுக்கு அடிபட்டால் பதிலுக்கு இறங்குவதற்காக என் கணவர் எழிலரசன் ஒன்பது வருடமாகக் களத்தின் ஓரத்தில் நிற்கிறார். எந்நேரமும் தயாராக இருக்கட்டும் என்று அணி இருவர் கையிலும் ஒரு பட்டை கட்டியிருக்கிறது; அதன் வழியாக ருத்ரன் உடம்பு படும் பாடெல்லாம் இவருக்கும் வந்துவிடும். பந்தையே தொடாத மனுஷனுக்கு ஞாயிறுதோறும் தோள்வலி.

"அவன் வாங்குற அடிக்கு நான் தைலம் தேய்க்கணுமா?" என்று புலம்பிக்கொண்டே இன்றும் தேய்த்தேன்.

போன் அடித்தது. ருத்ரன்தான். அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருப்பவன்.

"அண்ணி, நீங்க தேய்க்கிறது இங்க எனக்கும் தெரியுது. இத்தனை வருஷமா சொல்லக் கூச்சமா இருந்துச்சு. இன்னைக்குக் கொஞ்சம் மேல தேய்க்கிறீங்களா?"