எண்ணிக்கைக்கு ஒருவன்

ஆட்டக்காரர்களின் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளை வாங்கி விற்கும் கிளீவ்லாந்துச் சந்தையில் டோரீன் என்ற பெண் என் மேசைக்கு வந்தாள்.

"ஆயிரத்து ஐந்நூறு அட்டைத் தொகுப்புங்க. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ரஸ் பெல்ச்சர்."

"அவ்வளவு பெரிய ஆட்டக்காரனா?"

"கிழிச்சான்! ஆடினதே ஒரு ஆட்டம். பந்தைப் பிடிக்கப் போய் மண்டையில வாங்கிட்டு விழுந்தான். எண்ணிக்கையை நிரப்பணும்னு அவன் விழுந்து கிடந்த படத்தையும் அட்டையாக்கிட்டாங்க. இப்ப எவனோ ஒரு கிறுக்கன் எல்லாத்தையும் வாங்கிப் பதுக்குறான். எங்கப்பாவுக்குத் தொண்ணூறு வயசு. தொகுப்பு முழுசாகாம சாகமாட்டேன்னு அடம்பிடிக்கிறாரு."

எனக்கு மனசு கேட்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்தேன். உள்ளே அறுநூறு அட்டைகள். அறுநூற்றிலும் மல்லாந்து கிடப்பது நான்தான்.

ஒன்றை எடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமென்று பெருமையாகப் பேனாவைத் திறந்தேன்.

"ஐயையோ, கிறுக்கிக் கெடுத்துடாதீங்க பெரியவரே!" என்று பிடுங்கிக்கொண்டாள்.