காயாத சிவப்பு

பாரிஸ் மிருகக்காட்சிசாலையில் காலை வெயில் கம்பிகளுக்கிடையே கோடு கோடாக விழுந்து, புலியின் உடம்பில் எது வரி, எது நிழல் என்று தெரியாமல் செய்கிறது. என் மடியிலுள்ள படத்தில் கம்பிகள் இல்லை. நான் பார்த்தேயிராத ஒரு காடு, கெட்டியான நீர்வண்ணத்தில். நடுவே சீறும் புலி. வாய்க்குள் பூசிய சிவப்பு குளிரில் இன்னும் காயவில்லை. படம் கேட்ட கனவானுக்குப் பல் தெரிய வேண்டுமாம். புலியோ தூங்குகிறது. “கொஞ்சம் சீண்டி விடுப்பா, கஸ்பார்” என்கிறேன் காவலாளியிடம். “இதையா? ஊர் ஊரா வித்தை காட்டுறவன் வித்துட்டுப் போன கிழம் ஐயா இது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது” என்று கழியை நீட்டுகிறான். கழி விலாவில் படுமுன்பே புலி பதறி எழுந்து, குந்தி உட்கார்ந்து, முன்கால் ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறது. “அடியே, இங்க பாருடி, கும்பிடு போடுது!” என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருத்தி கைதட்டுகிறாள். கூட்டம் சிரிக்கிறது. நானும் சிரித்துவிடுகிறேன். சிரிப்பு அடங்கியும் கால் இறங்கவில்லை, நடுங்குகிறது. அது கழியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறது. “ஏதாச்சும் குடுங்க ஐயா. அதுவரைக்கும் இறக்காது” என்கிறான் கஸ்பார். என்னிடம் இருப்பது கரிக்கோடுகளை அழிக்க வைத்திருக்கும் ரொட்டித் துண்டு, அழுக்கேறிக் கறுத்தது. எறிகிறேன். அதையும் நக்கித் தின்றுவிட்டு, மறுபடி காலைத் தூக்குகிறது. படத்தை அது பார்த்துவிடக் கூடாதென்று சட்டென நெஞ்சோடு கவிழ்த்துக்கொள்கிறேன். எடுத்துப் பார்க்கையில் படத்தில் புலிக்கு வாய் இல்லை. அது என் வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருக்கிறது.