வெண்ணெய் இல்லாத சாப்பாடு

“இதுலயும் வெண்ணெய் இருக்குப்பா. நான்தான் வீகன் ஆயிட்டேனே! பால், முட்டை எதுவும் தொடமாட்டேன்” என்றாள் மகள்.

தீம் பார்க்கின் உணவுத் திருவிழாவில் அப்பா கடை கடையாக ஏறி இறங்கினார். சூப்பில் க்ரீம், ரொட்டியில் முட்டை. அவருக்குக் கால் கடுத்தது. மகளோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாக நடந்தாள்.

கடைசிக் கடைக்காரர் மனமிரங்கி, எண்ணெயிலேயே காய்கறிகளை வதக்கிச் சோற்றோடு கொடுத்தார். அப்பா பெருமையாகத் தட்டை நீட்டினார்.

மகளின் கண்கள் கலங்கின. “ஏம்பா கண்டுபிடிச்சீங்க?”

“என்னடா சொல்றே?”

“நான் வீகனே இல்லப்பா. சாப்பிட்டு முடிச்சதும் பார்க் கேட்டுக்கு வந்துடணும்னு அம்மா சொல்லிட்டாங்க. நாளைக்குப் புது அப்பாவோட வெளிநாடு போயிட்டா, உங்களை எப்பப் பார்ப்பேன்?”

கைபேசி அடித்தது. கேட்டில் காத்திருந்த அவள் அம்மாதான்.

“சாப்பிட்டாச்சா?”

“இல்ல... இவளுக்கு ஏத்தது எதுவும் கிடைக்கல. இன்னும் கொஞ்ச நேரம் தேடிப் பார்க்கிறோம்.”

மகள் ஆவலோடு நிமிர்ந்தாள்.

“தேட வேண்டாம். வீட்ல சமைச்சு வச்சிருக்கேன். இப்பவே அனுப்பி வைங்க.”