சம்மட்டிக்காரி

"இன்னொரு அடி அடிச்சே, நடக்கிறதே வேற!"

கையில் கத்தரிக்கோலோடு கடையைவிட்டுப் பாய்ந்து வந்தார் தையற்காரர்.

சுவரோரம் ஒரு பலகை. அதைச் சம்மட்டியால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள் கட்டடக் கம்பெனியின் மண் பரிசோதனை இன்ஜினியர். பக்கத்துக் குழிக்குள் ஒரு ஒயர் இறங்கியிருந்தது.

அடுத்த மனையில் தரைக்குக் கீழே மூன்று மாடி தோண்டப் போகிறார்கள். 'தோண்டினால் உங்கள் கட்டடம் தாங்காது, மாதக் கடைசிக்குள் காலி செய்யவும்' என்று கம்பெனி நோட்டீஸ் கொடுத்தாயிற்று. கட்டடத்தில் தையற்காரரையும் சேர்த்து எட்டுக் குடும்பம்; எல்லாம் போக்கிடம் தெரியாமல் தவிக்கிறது. போதாக்குறைக்கு நாலு நாளாக இந்த இடி.

"அண்ணே, இன்னும் ரெண்டே நாள். அதிர்வு மண்ணுக்குள்ள எவ்வளவு வேகமா போகுதுன்னு அளக்கறேன். நிறைய நகர்ந்தா மண் இளகிடும். ஆனா மயிரிழை அளவு அசையும்போது அதே மண்ணு அவ்வளவு கெட்டி. கம்பெனிக் கணக்குல அந்தக் கெட்டியைச் சேர்க்கவே..."

"எங்க அடிமடியிலேயே கை வச்சுட்டு, எனக்கே பாடம் நடத்தறியா? நீயே அடிச்சு விரிசல் விட வச்சு, 'பாரு, ஓட்டைக் கட்டடம்'னு எழுதிக்கத்தானே?"

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்..."

"போம்மா!"

ஒயரைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினார். மாடியில் யாரோ கை தட்டினார்கள்.

அவள் குனிந்து எடுத்து, கைக்குட்டையால் துடைத்தாள். மறுநாள் காலையிலும் வந்து நின்றாள்.

தையற்காரருக்கு ரத்தம் கொதித்தது. எட்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கிக் கம்பெனிக்குப் புகார் எழுதினார். 'அந்தப் பெண்ணை உடனே நிறுத்தாவிட்டால் தெருவில் உட்காருவோம்.'

அன்று மாலையே சத்தம் நின்றது. கம்பெனி மேனேஜரே நேரில் வந்து கை குலுக்கினார்.

"ரொம்ப நன்றி சார். வேலையை விட்டே தூக்கிட்டோம்."

"அப்படிப் போடுங்க! எங்களைத் துரத்த என்னா ஆட்டம் ஆடினா!"

"துரத்தவா?" மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "மண்ணு கெட்டி, கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது, யாரும் காலி பண்ண வேண்டாம்னு நிரூபிக்கறேன்னு லீவு போட்டுட்டு வந்து அடிச்சுட்டிருந்தா சார். கொடுத்த நோட்டீஸை நாங்க திரும்ப வாங்கணுமாம்!"

தையற்காரர் சாக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவளை நிறுத்த ஒரு காரணம் கிடைக்காம முழிச்சிட்டிருந்தோம். நல்லவேளை, எட்டுக் குடும்பமும் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்க!"