கோகிலாவின் குழந்தை

பெற்ற மகளைத் தஞ்சையில் விட்டுவிட்டு, மாற்றலாகிச் செம்மேட்டு அஞ்சலகத்துக்கு வந்தவள் மைதிலி. பகல் இரண்டு மணித் தொடரைத் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, நாள்தோறும் அவளுக்கு வந்து கதை சொல்பவள் வாசலூர்பட்டிச் சாமியாத்தாள்.

"தொலைஞ்ச குழந்தை கோகிலாவுக்குக் கிடைச்சுதாக்கா?"

"கோயில் வாசல் வரைக்கும் வந்துட்டா கண்ணு. நாளைக்குப் பாத்துருவா."

அவள் போனதும், அஞ்சல்தலை வாங்க லைன்மேன் செங்கோட்டையன் வந்தார்.

"சீக்கிரங்கம்மா. வாசலூர்பட்டியில டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு பத்து நாளா ஊரே இருட்டுங்க. நாளைக்குக் காலையில கரண்டு கொடுத்துருவோம்."

பத்து நாளாய்த் தான் கண்ணீர் மல்கக் கேட்ட கதையை இயற்றியவர் யாரென்று மைதிலிக்கு விளங்கிற்று.

"அண்ணே," என்றாள் தணிந்த குரலில், "நாளைக்கு மூணு மணிக்கு மேல கொடுங்களேன். கோகிலாவுக்குக் குழந்தை கிடைச்சிரட்டும்."