பொங்காலைக்கு வந்த மருமகள்

"இங்க சரோஜம்னு ஒரு அம்மா அடுப்பு போடுவாகளாமே, உங்களுக்குத் தெரியுமா?"

பொன்மாரி குனிந்து கேட்டாள். மருந்துக்கடை வாசலில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடி அம்மாள் நிமிர்ந்தாள்.

"எதுக்கு பிள்ளே?"

அன்று ஆற்றுக்கால் அம்மனுக்குப் பெண்கள் பொங்கலிடும் பொங்காலை. திருவனந்தபுரத்தில் தெருவெல்லாம் பெண்கள், ஆளுக்கொரு அடுப்பு. சாலைக் கடைத்தெருவில் எள் போட இடமில்லை. ஆண்களுக்கு அங்கே வேலையில்லை என்பதைச் சாக்காக வைத்து அவள் கணவன் அனூப் ரயில் நிலையத்திலேயே தங்கிவிட்டான்.

"நான் வந்தா அம்மா அகப்பையாலயே அடிப்பா. நீ போ பொன்னு. உன்னப் பாத்தா மனசு இளகும்" என்று அனுப்பிவைத்தான். கோவில்பட்டிப் பெண்ணைக் கோயம்புத்தூரில் வைத்து, வீட்டில் மூச்சுக்கூட விடாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட வீரன் அவன்தான்.

அன்றிலிருந்து அம்மா அவன் போனை எடுப்பதில்லை. இன்று அவள் வாயிலிருந்து 'வீட்டுக்கு வா' என்று ஒரு சொல் வராவிட்டால் சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அடையாளத்துக்கு அனூப்பிடம் இருந்தது ஒரே ஒரு படம். அதிலும் அம்மா, 'எடுக்காதே' என்று கையால் முகத்தை மறைத்திருந்தாள்.

பொன்மாரிக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை. அத்தனையையும் அந்த அம்மாளிடம் கொட்டிவிட்டாள்.

அம்மாள் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, இரண்டு அடுப்பு தள்ளித் தனியே உட்கார்ந்திருந்த பச்சைச் சேலைக்காரியைக் கண்ணால் காட்டினாள்.

"அதாக்கும் உன் மாமியார். உடனே போய்ச் சொல்லிராத. முதல்ல கொஞ்சம் ஒத்தாச பண்ணு. நான் சொல்லித் தாறேன், கேட்டியா?"

தெய்வமே துணைக்கு வந்தது போலிருந்தது பொன்மாரிக்கு.

கோயிலில் அடுப்புப் பற்றவைத்ததை ஒலிபெருக்கி சொன்னதும் தெரு முழுக்கத் தீ எழும்பியது. பொன்மாரி ஓடிப்போய்ப் பச்சைச் சேலைக்கு ஓலை எடுத்துக் கொடுத்தாள், புகையை விசிறினாள், தேங்காய் துருவினாள். பச்சைச் சேலையோ ஒரு வார்த்தை பேசவில்லை. மிரண்டு மிரண்டு பார்த்ததோடு சரி.

பொன்மாரி மூக்குக்கண்ணாடியிடம் திரும்பி வந்தாள். "வாயே திறக்கலியேம்மா. வீம்புக்குப் பேர் போனவுகன்னு சொன்னது சரியாத்தான் இருக்கு."

"ஆரு சொன்னா?"

"அவுக மகன்தான்."

"சொல்லுவான், சொல்லுவான்." அம்மாள் அகப்பையால் பானையை ஓங்கிக் கிண்டினாள். "நீ போய் மண்டைப்புட்டு பிடிச்சுக் குடு. அம்மைக்குப் படைச்சா மண்டைவலி போகும்னு சொல்லுவாவ. அவ மண்டைக்கனமும் கொஞ்சம் குறையட்டும்."

பயற்று மாவும் வெல்லமும் பிசைந்து, அழகாக உருட்டிக் கொடுத்தாள். பச்சைச் சேலை வாங்கி வைத்துக்கொண்டது.

வெயில் ஏறியது. "குடை பிடி" என்று மூக்குக்கண்ணாடியிடமிருந்து உத்தரவு வந்தது. குடையும் பிடித்தாள். தன் தலை காய்ந்தது. பச்சைச் சேலையின் பானை பொங்கியபோது கோவில்பட்டிக் குலவை ஒன்று போட்டாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

கை ஓய்ந்துபோய் மூக்குக்கண்ணாடியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இவ்வளவு பாடு எதுக்கு பிள்ளே? புருஷன் கையில இருக்கான். மாமியார் எங்க போனா உனக்கு என்ன?"

"அப்படி விட முடியாதும்மா. தினமும் சோத்துல கை வச்சா, 'எங்கம்மா வைக்கிற தீயல் குழம்பு மாதிரி வராது'ம்பாக. சொல்லிட்டு ரெண்டு வாய்கூடச் சாப்பிடாம எந்திரிச்சிருவாக. கேட்டுக் கேட்டு, பாக்காமலே எனக்கு அத்தை மேல ஆசையாப் போச்சு. அவுகளப் பிரிச்சது நாந்தானேன்னு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அம்மாள் அவளைப் பார்க்கவில்லை. எரிகிற அடுப்பில் மேலும் ஒரு ஓலையைத் திணித்துவிட்டு, "சனியன் பிடிச்ச புகை" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானம் பூசாரி வந்து பானைகள் மேல் தீர்த்தம் தெளித்துப் போனார். பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பச்சைச் சேலையும் எழுந்தது.

பொன்மாரி மூக்குக்கண்ணாடியின் கையைப் பிடித்தாள். "அம்மா, போறாகளே."

"போய்க் கால்ல விழு. இனியும் தாமசிக்காத."

பொன்மாரி ஓடினாள். நடுத்தெரு என்றும் பார்க்காமல் பச்சைச் சேலையின் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"அத்தே, நாந்தான் உங்க மருமக பொன்மாரி. தப்பு எங்க மேலதான். எங்கள வீட்டுக்கு வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பச்சைச் சேலைக்காரி பானையும் கையுமாகத் தடுமாறினாள்.

"நான் போனக்காடு தேயிலை எஸ்டேட்டும்மா. எனக்கு மகனே கிடையாது, மூணும் பொட்டப்புள்ளைக. காலைல இருந்து நீ படுற பாட்டப் பாத்து, ஏதோ வேண்டுதலாக்கும்னு சும்மா இருந்தேன்."

பொன்மாரி பிடித்த காலை விடவும் தோன்றாமல் அப்படியே கிடந்தாள். யாரோ பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டார்கள்.

"அவங்க கால விடு பிள்ளே, அவங்களுக்கு பஸ் போயிரும். இந்தா, இதாக்கும் நம்ம பானை. துணி வச்சுப் பிடிச்சுத் தூக்கு, வீட்டுக்குப் போவோம்" என்றாள் மூக்குக்கண்ணாடி போட்ட சரோஜம்.