எட்டுக் கிலோ கால்

"அப்பா, ஒதைங்கன்னா நல்லா ஒதைக்கணும். பூனைக்குட்டிய நகத்துற மாதிரி தள்ளிக்கிட்டு!"

நித்யஸ்ரீக்குக் கோவம் மூக்கு மேல. காரைக்குடியில பிசியோ கிளினிக் தெறந்து இன்னும் ஒரு மாசங்கூட ஆகல. கையில தசை பலம் பாக்குற புது மிஷின். சோப்பு டப்பா அளவுதான். அதக் கணுக்காலுக்கு மேல வச்சு அவ அழுத்திப் புடிப்பா. ஒக்காந்திருக்கவுக காலால எதிர்த்து ஒதைக்கணும். எத்தன கிலோ பலம்னு அது சொல்லிரும்.

மலையாண்டி மறுபடி ஒதச்சாரு. எட்டு கிலோ.

திருப்பத்தூர் சந்தையில மூட்டை தூக்குன காலு அது! முட்டி ஆபரேசன் முடிஞ்சு ஆறு மாசமாச்சு.

"இந்த எட்டு கிலோவுக்கு முறுக்குப் பொட்டலந்தான் தூக்கலாம். வேலைக்குப் போகலாம்னு எழுதித் தர மாட்டேன். அப்பான்னெல்லாம் பாக்க மாட்டேன்."

"நேத்து மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாவுனேன்த்தா. நீ எழுதிக் குடுத்தாத்தான் மேஸ்திரி வேல குடுப்பாரு. மிஷின்லதான் ஏதோ கோளாறு."

"எம் மிஷினச் சொல்லாதீக! வாய்தான் வேல வேலங்குது. காலு டிவி பாத்து சொகம் கண்டிருச்சு."

சரி, ஆபரேசன் பண்ணாத காலப் பாப்போம்னு வச்சா, அதுலயும் எட்டு.

நல்ல காலுக்கும் எட்டா? இப்ப அவளுக்கே சந்தேகம் வந்திருச்சு. மிஷின் கம்பெனிக்குப் போனப் போட்டு, கிழிகிழின்னு கிழிச்சுட்டா.

மறுநா மதுரையில இருந்து கோபிநாத் வந்தாரு. கம்பெனி ஆளு. தாட்டியான ஒடம்பு. எடைக்கல்ல வச்சு மிஷின சோதிச்சாரு.

"மிஷின் கரெக்டா இருக்கு மேடம். எங்க, அண்ணன் கால நான் பாக்குறேன்."

சக்கர ஸ்டூல்ல ஒக்காந்து மிஷினப் புடிச்சாரு.

"ஒதைங்கண்ணே!"

ஒதச்சாரு பாருங்க! ஆத்தங்குடிக் கல்லுத் தரை, கேக்கவா வேணும்? ஸ்டூலோட வழுக்கிப் போயி செவத்துல சாஞ்சு நின்னாரு கோபிநாத். மிஷின்ல முப்பத்தாறு.

"அண்ணே, இது காலா, லாரியா?"ன்னு முதுகத் தடவிக்கிட்டாரு.

நித்யஸ்ரீ இடுப்புல கைய வச்சுக்கிட்டு மொறச்சா.

"அவருக்கு முப்பத்தாறு, எனக்கு மட்டும் எட்டா? நெசத்தச் சொல்லுங்கப்பா."

மலையாண்டி வேட்டிய எறக்கி விட்டுக்கிட்டு, தலையச் சொறிஞ்சாரு.

"அவரு வெளியாளு, ஒதச்சுட்டு ஒரு மன்னிப்பு கேட்டுக்கிரலாம். நீ வாசல்ல போர்டு மாட்டி ஒக்காந்திருக்க. எங் காலடியில வந்து குந்திக்கிட்டு ஒதை ஒதைங்கிற. வேல போனாப் போயிட்டுப் போகுது... நான் பெத்த டாக்டர எட்டி ஒதைக்க எனக்குக் காலு வருமாத்தா?"